அச்சில் வராத ஐந்து முக்கோணங்கள்

ஜூன் 3

அத்தைக்கு,

உங்க பிள்ளையை விட்டு வந்து நாலு மாசம் ஆச்சு. இனிமே உங்களை எப்படிக் கூப்பிடுறதுன்னு தெரியல. வேற பேர் கிடைக்கற வரைக்கும் இதே இருக்கட்டும்.

இது குடும்பக் கடிதம் இல்ல, வேலைக் கடிதம். விஷச் செடிப் போஸ்டரை நாம ஒரே வீட்டுல இருந்தப்ப சுகாதார ஆபீஸ்ல ஒத்துக்கிட்டோம். நீங்க விஷமுள்ளதும் இல்லாததுமா இருபத்துநாலு செடி வரையணும், நான் அதை அச்சுக்குத் தயார் பண்ணணும். ஒருத்தி விலகினா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். அதனால நான் விலகல. ஆனா போன்ல வேண்டாம், எழுதுங்க. யார் எதை மாத்தச் சொன்னாங்க, யார் எதுக்கு ஒத்துக்கிட்டாங்கன்னு காகிதத்துல இருக்கட்டும்.

இப்ப விஷயம். உங்க படங்கள்ல பதினஞ்சு சரியா ஸ்கேன் ஆகியிருக்கு. மீதி ஒன்பதைப் போன்ல பிடிச்சு அனுப்பியிருக்கீங்க. போஸ்டர் பாதிக் கதவு உயரம். போன் படத்தை அந்த அளவுக்கு இழுத்தா இலை நரம்பெல்லாம் கரைஞ்சு போகுது. ஆமணக்கு இலை ஓரத்துல உங்க மேஜைத் துணியோட கட்டம் தெரியுது. ஊமத்தைப் பூ மேல உங்க தலை நிழல். இதையா ஊர்ல இருக்கற குழந்தைகள் காப்பகத்துச் சுவர்ல எல்லாம் ஒட்டப் போறோம்?

அப்புறம், செடிப் பேரைப் படத்துக்குள்ளயே பிரஷ்ஷால எழுதி வச்சிருக்கீங்க. படம் புள்ளி புள்ளியா அச்சாகும், இலைக்கும் பூவுக்கும் அது சரி. எழுத்து அப்படி வந்தா ஓரமெல்லாம் ரம்பப் பல்லு. எழுத்து, அம்பு, விஷச் செடிக்கு மேல வர்ற எச்சரிக்கை முக்கோணம், இதெல்லாம் கோடா இருக்கணும். எவ்வளவு பெருசாக்கினாலும் கூர் மழுங்காத கோடு. அதை நான் கம்ப்யூட்டர்ல வரைவேன். உங்க படம் அடியில, என் கோடு மேல. உங்க இலாகாவுல நான் வரல, என் இலாகாவுல நீங்க வராதீங்க.

ஒன்பது படத்தையும் திருப்பி ஸ்கேன் பண்ணி அனுப்புங்க. எழுத்தில்லாம. இப்போதைக்கு எல்லாத்தையும் அடுக்கி ஒரு தாள் பிரிண்ட் எடுத்து இதோட வச்சிருக்கேன்.

ஜூன் 9

மருமகளுக்கு,

எனக்குப் பேர் தேடிச் சிரமப்பட வேண்டாம். நீ இன்னும் என் மருமகதான், நான் உன் அத்தைதான். அது உன் இஷ்டத்துக்கு மாறாது.

நாலு மாசம் கழிச்சு எழுதற. "எப்படி இருக்கீங்க"ன்னு ஒரு வார்த்தை உண்டா? மேஜைத் துணி தெரியுதாம், தலை நிழல் தெரியுதாம். ஏன் தெரியுதுன்னு சொல்லட்டுமா? வீட்டுல ஸ்கேன் மெஷின் இருந்தது. அதை நீ போர்வையில சுத்தி எடுத்துட்டுப் போயிட்ட. உன் மெஷின்தான், இல்லேங்கல. இப்ப நான் ஸ்கேன் கடைக்குப் போகணும்னா ரெண்டு பஸ் மாறணும். அங்க இருக்கறவன் என் ஊமத்தையைப் பார்த்து "மல்லிப்பூவாம்மா?"ங்கறான். முப்பத்தோரு வருஷம் தாவரவியல் நடத்தினவ அதையும் கேட்டுட்டு நிக்கறேன்.

ஒன்பதும் இந்தப் பென் டிரைவ்ல இருக்கு. எழுத்தில்லாமதான். இப்ப திருப்தியா?

இனி என் முறை. நீ அனுப்பின தாளைப் பார்த்தேன். என் செடிகள் மேல கறுப்பு முக்கோணத்தைத் தபால் முத்திரை மாதிரி அடிச்சு வச்சிருக்க. அதாவது பரவாயில்ல, அது எச்சரிக்கை. ஆனா அஞ்சு செடியில அது கண்ணுக்கே தெரியல. ஆமணக்குல நான் வரைஞ்சது கருஞ்சிவப்பு இலை. அரளியில அடர் பச்சை. கறுப்பு மேல கறுப்பை வச்சா யாருக்குத் தெரியும்? அந்த அஞ்சுலயும் முக்கோணம் வெள்ளையா இருக்கணும். இருபத்துநாலுல விஷச் செடி ஒன்பது, அதுல அஞ்சைக் கோட்டை விட்டுட்டு எதுக்கு ஒரு போஸ்டர்?

உன் பூதக்கண்ணாடியைத் தூர வச்சுட்டு, சாதாரணக் கண்ணால ஒரு தடவை பாரு.

ஜூன் 14

அத்தைக்கு,

ஸ்கேன் நல்லா இருக்கு.

முக்கோணம் கறுப்புதான். ஆபீஸ்ல ஒத்துக்கிட்ட மாதிரித் தாள்ல கறுப்பு. ஒரே போஸ்டர்ல நாலு கறுப்பு, அஞ்சு வெள்ளைன்னு போட்டா பார்க்கறவங்க ரெண்டுக்கும் வேற வேற அர்த்தம்னு நினைப்பாங்க. நான் மாத்த மாட்டேன்.

செடிப் பேர்ல எழுத்துப்பிழை இருக்குன்னும் நீங்களே திருத்தித் தருவீங்கன்னும் ஆபீஸ்ல சொன்னீங்களாம். ஃபைலை அனுப்பறேன். உங்க கம்ப்யூட்டர்ல திறக்கும், நான்தான் அதுல சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தேன். பேரை மட்டும் திருத்துங்க. வேற எதையும் தொடாதீங்க. கோடும் படமும் ஒண்ணு மேல ஒண்ணா இருக்கற ஃபைல் இது. ஒரு இடத்துல கை வச்சா இன்னொரு இடத்துல என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாது.

சாதாரணக் கண்ணால பார்க்கச் சொன்னீங்க. சாதாரணக் கண்ணால பார்த்துதான் நான் ஏமாந்தேன். ஆறு மாசம் உங்க பிள்ளை தினமும் இஸ்திரி போட்ட சட்டையோட கிளம்பினார். வேலை போனதை எங்கிட்ட மறைச்சு, பஸ் ஸ்டாண்டுலயும் நூலகத்துலயும் உக்காந்துட்டு சாயங்காலம் "இன்னைக்கு ஆபீஸ்ல ஒரே தலைவலி"ன்னு வந்தார். நீங்க எல்லாம் தெரிஞ்சும் சாப்பாட்டு டப்பா கட்டிக் கொடுத்தீங்க. வழியில பார்த்த அவரோட பழைய ஆபீஸ் ப்யூன் எங்கிட்ட சொன்னார். ப்யூனுக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியும், பெண்டாட்டிக்குத் தெரியாது.

வேலை போனதுக்காக நான் வீட்டை விட்டு வரல. அது யாருக்கும் போகும்.

ஜூன் 20

மருமகளுக்கு,

பேரெல்லாம் திருத்தியாச்சு. ஃபைல் இதுல இருக்கு. வேலைக் கடிதம்னு நீதான் சொன்ன, அப்புறம் நீயேதான் என் வீட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கற. பெத்தவ பிள்ளையைப் பட்டினி போட்டு அனுப்புவாளா? நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து அவன் தலை குனிஞ்சு வந்து நின்னா, அப்ப தெரியும் உனக்கு.

தொடாதே, தொடாதேன்னு நீ எனக்குச் சொல்ல வேண்டாம். அது என் படம். அதுல எது தெரியணும்னு எனக்குத் தெரியும்.

ஜூன் 27

அத்தைக்கு,

ப்ரூஃப் தனியா அட்டைக் குழாய்ல வருது. மெஷின்ல எப்படி அச்சாகுமோ அப்படியே அதுல இருக்கும். பார்த்துட்டு, இதோட இருக்கற சம்மதச் சீட்டுல கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. அதுக்கப்புறம்தான் அச்சுக்கான ப்ளேட் போடுவாங்க.

நான் எதுவும் சொல்லப் போறதில்ல. உங்க படம், உங்க இஷ்டம்.

ஜூலை 1

உனக்கு,

குழாயும் உன் வக்கீல் நோட்டீஸும் ஒரே நாள்ல வந்து சேர்ந்தது. ஒரே தபால்காரர், ஒரே கையெழுத்து. அவர் என்னமோ நல்ல சேதின்னு நினைச்சுச் சிரிச்சுட்டுப் போறார்.

விவாகரத்துன்னு எழுதியிருக்கு. "கணவரும் அவரது தாயாரும் கூட்டாக"ன்னு எழுதியிருக்கு. நான் கூட்டு! உனக்கு டைபாய்டு வந்தப்ப பதினேழு நாள் உன் கட்டில் கீழ பாய் போட்டுப் படுத்தேனே, அதுவும் கூட்டுதானா?

சீட்டுல கையெழுத்துப் போட்டுட்டேன். இந்தா. அச்சடி, ஒட்டு, என்னமோ பண்ணு. இந்த வேலையோட நமக்குள்ள எல்லாம் முடிஞ்சது.

ஆகஸ்ட் 11

போஸ்டரைக் கெடுத்தவளுக்கு,

உட்கார்ந்து படி.

நேத்து சுகாதார அதிகாரி எனக்குப் போன் பண்ணாங்க. இங்க மூணாவது வார்டு காப்பகத்துல ரெண்டரை வயசுக் குழந்தை, பொண்ணு, வேலியோரம் நின்ன ஆமணக்குல இருந்து விதையைப் பறிச்சு மென்னிருக்கு. காப்பக அம்மா வாயிலிருந்து தோண்டி எடுத்துட்டு, ஓடிப்போய்ப் போஸ்டரைப் பார்த்திருக்காங்க. அதுக்குத்தானே போஸ்டர்! ஆமணக்குப் படம் இருக்கு. அதே கருஞ்சிவப்பு இலை, அதே முள்ளுக் காய். மேல முக்கோணம் இல்ல. பக்கத்துல இருக்கற செடிக்கு இருக்கு, இதுக்கு இல்ல. "அப்பாடா, விஷமில்ல"ன்னு வாயைக் கழுவி, தண்ணி கொடுத்து, தூங்க வச்சுட்டாங்க.

சாயங்காலம் வாந்தி. ராத்திரிக்குள்ள ரத்தமாவே கக்க ஆரம்பிச்சிருக்கு. ஆஸ்பத்திரியில நாலு நாள். பிழைச்சுடுச்சு. "இன்னும் கொஞ்சம் மென்னிருந்தா நாங்க ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது"ன்னு டாக்டர் சொன்னாராம்.

நான் காப்பகத்துக்கு ஓடினேன். சுவர்ல என் படம். ஆமணக்கு, அரளி, ஊமத்தை, இன்னும் ரெண்டு. அஞ்சுலயும் முக்கோணம் இல்ல. கறுப்புல இருந்த நாலும் பத்திரமா இருக்கு. நான் வெள்ளையா மாத்தின அஞ்சும் மாயமாப் போச்சு. ஆமா, மாத்தினேன். நீ மாட்டேன்னதால நானே மாத்தினேன். என் கம்ப்யூட்டர்ல பளிச்சுன்னு தெரிஞ்சுது. நான் சொன்னதைச் செய்யக்கூடாதுங்கற வீம்புல நீ அதை அழிச்சிருக்க. என் பிள்ளை மேல இருக்கற ஆத்திரத்தை ஒரு குழந்தை வயித்துல காட்டியிருக்க.

உன்னை எங்க போய்ச் சொல்லுவேன்!

ஆகஸ்ட் 14

அத்தைக்கு,

குழந்தை எப்படி இருக்கு? அதை முதல்ல எழுதுங்க.

நான் எதையும் அழிக்கல. உங்க கடிதம் வந்ததும் ஃபைலைத் திறந்தேன். அஞ்சு முக்கோணமும் அதுல இருக்கு, வெள்ளையா. இருந்தும் அச்சுல வரல. ஏன்னு சொல்றேன், நிதானமாப் படிங்க.

அச்சகத்துல வெள்ளை மை கிடையாது. வெள்ளை தெரியணும்னா அந்த இடத்துல படத்தை வெட்டிட்டு, காகிதத்தை அப்படியே விடணும். கறுப்புக்கு அது தேவையில்ல. கறுப்பைப் படத்து மேலயே அடிக்கலாம். வெட்டினா, தாள் துளி நகர்ந்தாக்கூட சுத்தி ஒரு வெள்ளை இடுக்கு தெரியும். அதனால கறுப்புக் கோட்டுக்கெல்லாம் "வெட்டாதே, மேலயே அடி"ன்னு ஃபைல்ல ஒரு கட்டளை கொடுத்து வைப்போம். ஒன்பது முக்கோணத்துக்கும் நான் கொடுத்திருந்தேன். முறைப்படி சரியான வேலை.

நீங்க நிறத்தை மட்டும் மாத்தினீங்க. கட்டளை அப்படியே இருந்துது. வெட்டாதே, மேலயே அடி. எதை அடிக்கறது? வெள்ளையை. வெள்ளைன்னா மெஷினுக்கு ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமில்லாததை இலை மேல அடிச்சா இலைதான் இருக்கும். உங்க கம்ப்யூட்டர் திரைக்கு இந்த வித்தியாசம் தெரியாது, அது பளிச்சுன்னுதான் காட்டும்.

தொடாதீங்கன்னு எழுதினேனா இல்லையா? ஜூன் 14. எடுத்துப் பாருங்க. தொட்டதையாவது ஒரு வரி எழுதினீங்களா? "எது தெரியணும்னு எனக்குத் தெரியும்"னு எழுதினீங்க! எழுதியிருந்தா அரை நிமிஷத்துல அந்தக் கட்டளையை எடுத்திருப்பேன். அப்புறம் ப்ரூஃப் அனுப்பினேன், அதுலயும் இதே மாதிரிதான் இருந்திருக்கும். நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்பினீங்க. நான் வேலை பார்க்கற அச்சகத்து முதலாளி அந்தச் சீட்டைக் கண்ணாடி சட்டம் போடாத குறையா வச்சிருக்கார். "கஸ்டமர் ஒத்துக்கிட்டாங்க, நம்ம மேல ஒண்ணுமில்ல"ங்கறார்.

குழந்தை வயித்துல ஆத்திரத்தைக் காட்டினேன்னு எழுதியிருக்கீங்களே, அந்த வரியை நான் மறக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 18

மருமகளே,

குழந்தை வீட்டுக்கு வந்தாச்சு. இன்னும் சாதம் செரிக்கல, கஞ்சிதான்.

உன் கடிதத்தை மூணு தடவை படிச்சேன். புரிஞ்சுது. மாத்தினது நான், சொல்லாம விட்டதும் நான். அது என் தலையில இருக்கட்டும். கையெழுத்தும் நான்தான். நோட்டீஸ் வந்த ஆத்திரத்துல உன் குழாயைத் திறக்காமலே பீரோவுக்குப் பின்னால வீசிட்டேன். சீட்டுல மட்டும் கிறுக்கி அனுப்பிட்டேன்.

இன்னைக்குக் காலையில பீரோவை நகர்த்தி அதை எடுத்தேன். டேப்பைக் கிழிச்சு, தாளைத் தரையில விரிச்சேன். நாலு மூலையிலயும் புத்தகம் வச்சு, மண்டி போட்டுப் பார்த்தேன். ஆமணக்குல முக்கோணம் இல்ல, அரளியில இல்ல. கண்ணாடி போடாமலே தெரியுது எனக்கு. அறுபத்தாறு வயசுக் கண்ணுக்கே தெரியுது.

இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். "இருந்திருக்கும்"னு எழுதியிருக்க. இருந்திருக்கும் என்ன, இருந்துது! இந்தத் தாளைச் சுருட்டிக் குழாய்ல போட்டது நீ. எழுத்துல ஒரு புள்ளி குறைஞ்சாக்கூடக் கண்டுபிடிக்கறவ நீ. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்கறவன்னு உன்னைப் பத்தி நானே பெருமையாச் சொல்லியிருக்கேன். நீ இதைப் பார்க்கவே இல்லையா?

பதில் எழுது. பூசி மெழுகாதே.

ஆகஸ்ட் 22

அத்தைக்கு,

பார்த்தேன்.

ரெண்டு நாளா இந்த ஒரு வார்த்தையை எழுதிட்டு அதுக்கு மேல எழுத முடியாம உக்காந்திருக்கேன்.

ப்ரூஃப் மெஷின்ல இருந்து வந்ததும் மேஜையில விரிச்சேன். அஞ்சு முக்கோணம் இல்லைன்னு உடனே தெரிஞ்சுது. நீங்க எடுத்துட்டீங்கன்னு நினைச்சேன். தபால் முத்திரை மாதிரி இருக்குன்னு எழுதியிருந்தீங்களே, வெள்ளையா மாத்த நான் ஒத்துக்கலைன்னு கோபத்துல அஞ்சையும் அழிச்சுட்டீங்கன்னு நினைச்சேன். ஃபைலைத் திறந்து ஒரு தடவை க்ளிக் பண்ணியிருந்தா என்னன்னு தெரிஞ்சிருக்கும். பண்ணல. "என் படம், எது தெரியணும்னு எனக்குத் தெரியும்"னு எழுதினீங்க இல்ல, படட்டும், ஆபீஸ்ல திட்டு வாங்கட்டும், அப்ப தெரியும்னு நினைச்சேன். அந்த நிமிஷத்துல எனக்குச் சந்தோஷமா இருந்துது. அதையும் எழுதிடறேன்.

குழந்தைகளைப் பத்தி நினைக்கல. முக்கோணம் எதுக்குன்னே அப்ப எனக்கு ஞாபகத்துல இல்ல. உங்க தப்பு மட்டும்தான் கண்ணுல நின்னுது. நீங்க ப்ரூஃபைப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டீங்கன்னு நம்பினேன். ஆனா அதுக்குப் பின்னால ஒளிஞ்சுக்க முடியல. நான் பார்த்தேன். சொல்லல. அவ்வளவுதான்.

நீங்க தெரிஞ்சு சொல்லாம இருந்ததுக்காக உங்களை விட்டு வந்தவ நான்.

இதையெல்லாம் இப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டு, சுகாதார அதிகாரிக்கு அனுப்பிட்டேன். முதலாளிகிட்ட ஒரு பிரதி கொடுத்தேன். "உனக்குப் பைத்தியமா? சீட்டு கையில இருக்கு, வாயை மூடிட்டு இரு"ன்னார். முடியாதுன்னேன். நாளையிலிருந்து வர வேண்டாம்னார்.

கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணேன். பசையோட வர்ற தாள்ல முக்கோணம் அடிச்சேன். வெள்ளை முக்கோணம், சுத்தி தடிமனா கறுப்பு ஓரம். கருஞ்சிவப்பு மேல வச்சும் பார்த்தேன், வெளிர்ப் பச்சை மேல வச்சும் பார்த்தேன், தெரியுது. கறுப்பு தெரியாதுன்னு நீங்க ஜூன் மாசமே சொன்னது சரி. நான் அப்பவே இந்த ஓரத்தைப் போட்டிருக்கணும். நீங்க சொன்னீங்கங்கற ஒரே காரணத்துக்காகத்தான் போடல.

இருநூத்தி எண்பது காப்பகம். ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு. பார்சல்ல வருது. எல்லாப் போஸ்டரும் உங்க ஊர்லதான் இருக்கு. நான் வந்து ஒட்டணும்னு சொன்னாலும் வரேன்.

ஆகஸ்ட் 31

மருமகளே,

நீ வர வேண்டாம்னு நான் தந்தி அடிக்கற மாதிரி ஒரு வரி எழுதியிருக்கலாம். கோபத்துல அதைக்கூட எழுதல. நீ பார்த்துட்டுச் சும்மா இருந்தன்னு படிச்சதும் கடிதத்தைக் கசக்கிட்டேன், அப்புறம் நீவி எடுத்தேன். உன்னை நான் மன்னிக்கல. என்னையும்தான்.

ஒட்ட ஆரம்பிச்சேன். அதிகாரி ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேரை அனுப்பினாங்க. மூணு பேருமாப் பிரிச்சுக்கிட்டோம். நாற்காலி போட்டு ஏறி ஒட்டறேன். "என்னம்மா இது"ன்னு கேக்கறவங்ககிட்ட எல்லாம் "நாங்க பண்ண தப்பு"ங்கறேன். சில பேர் தண்ணி கொடுக்கறாங்க. ஒரு அம்மா கதவைச் சாத்திட்டாங்க. ஜன்னல் வழியா ஸ்டிக்கரை நீட்டி, எங்க ஒட்டணும்னு சொல்லிக் கொடுத்துட்டு வந்தேன். நேத்தோட முடிஞ்சது.

நேத்து அந்தக் குழந்தை வீட்டுக்கும் போனேன். மாடியில ஒத்தை அறை. குழந்தை தரையில உக்காந்து ஸ்பூனால டம்ளரைத் தட்டிட்டு இருந்துது. கை குச்சி மாதிரி இருக்கு. அதோட அம்மா தையல் மெஷின்ல இருந்து எழுந்திருக்கவே இல்ல.

"படம் வரைஞ்சது யாரு?"ன்னு கேட்டா.

"நான்."

"அச்சுக்கு அனுப்பினது?"

"என் மருமக."

"ரெண்டு பேருல ஒருத்தர்கூடவா பார்க்கல?"

"அவ பார்த்தா, சொல்லல. நான் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன்."

"ஏன்?"

"எங்களுக்குள்ள சண்டை."

தையல் மெஷினை நிறுத்திட்டா. அப்புறம் கேட்டா: "உங்க வீட்டுச் சண்டைக்கு என் பொண்ணு எதுக்கும்மா ரத்தமாக் கக்கணும்?"

வகுப்புல முப்பத்தோரு வருஷம் கேள்வி கேட்டவ, நிக்க வச்ச பிள்ளை மாதிரி நின்னேன். மன்னிப்புக் கேட்டேன். "அதை நீங்களே வச்சுக்கோங்க"ன்னுட்டா. சரியாத்தான் சொன்னா.

இன்னொண்ணு. பதினெட்டாம் தேதி குடும்ப கோர்ட்ல நம்ம வழக்கு. உனக்குத் தெரிஞ்சிருக்கும், என் பிள்ளை என்னைச் சாட்சியாப் போட்டிருக்கான். வேலை போனது உனக்கு முதல்லயே தெரியும், நீ காரணமில்லாமப் போயிட்டன்னு நான் சொல்லணுமாம். அவனோட வக்கீல் எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னார்.

நான் உன் பக்கம் வந்து உக்கார மாட்டேன். என் பிள்ளை பக்கத்துலதான் உக்காருவேன். ஆனா கேட்டா நடந்ததைச் சொல்லுவேன். முழுசா. அதுல உனக்குத் தெரியாததும் இருக்கு. கேட்டுட்டு என்னைத் திட்டிக்கோ.

செப்டம்பர் 20

அத்தைக்கு,

கோர்ட்டுல இருந்து வந்து ரெண்டு நாளா பேனாவைத் தொடல. தொட்டிருந்தா நல்ல வார்த்தை வந்திருக்காது. இப்பவும் வரும்னு சொல்ல முடியாது.

"மருமகளுக்குத் தெரியாது"ன்னு நீங்க சொன்னதும் என் வக்கீல் உக்காந்துட்டார். அவருக்கு அது போதும். உங்களை யாரும் அதுக்கு மேல கேக்கல. நீங்களாத்தான் நீதிபதியைப் பார்த்து, "இன்னும் இருக்கு"ன்னீங்க. வேலை போன மறுநாளே உங்க பிள்ளை எங்கிட்ட சொல்ல வந்தாராம். சமையலறை வாசல்ல நீங்க கையைப் பிடிச்சு நிறுத்தினீங்களாம். "சொல்லாதே, அவ உன்னை மதிக்க மாட்டா, வேற வேலை கிடைச்சதும் சொல்லிக்கலாம்"னு. அப்ப நான் உள்ளே தேங்காய் துருவிட்டு இருந்தேனாம். ஆறு மாசம் இல்ல, ஒன்பது மாசமாம்.

எனக்கு அந்த இடத்துலயே எழுந்து கத்தணும்போல இருந்துது. இத்தனை நாள் அவரைத்தான் பொய்க்காரர்னு நினைச்சேன், உங்களைக் கூடத் துணை நின்னவங்கன்னு நினைச்சேன். ஆரம்பிச்சு வச்சதே நீங்கதான். "அவ மதிக்க மாட்டா"ன்னு என்னைப் பத்தி யார் சொன்னா உங்களுக்கு? நான் எப்படிப்பட்டவன்னு எங்கிட்ட கேட்டீங்களா? எனக்குப் பதிலா நீங்களே என் பதிலையும் எழுதிட்டீங்க.

இதனால அவர் தப்பிச்சுட்டார்னு நினைக்காதீங்க. மறுநாள் நிறுத்தினது நீங்க. மீதி ஒன்பது மாசமும் அவர் வாய் அவர்கிட்டதான் இருந்துது. வழக்கு நடக்கும், நான் திரும்பி வரல. கோர்ட் வாசல்ல அவர் உங்களைத் திரும்பிப் பார்க்காம ஆட்டோ ஏறிப் போனதையும், நீங்க வெயில்ல பஸ்ஸுக்கு நின்னதையும் பார்த்தேன். வந்து பக்கத்துல நிக்கத் தோணல. பொய் சொல்லல, தோணல.

ஆனா ஒண்ணு ஒத்துக்கறேன். சொல்லாம விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. வழக்குல அது உங்களுக்கும் நல்லது, உங்க பிள்ளைக்கும் நல்லது. நீங்க சொன்னீங்க. இப்ப என் கோபம் நடந்த விஷயத்து மேல இருக்கு. இதுக்கு முன்னாடி நானா கற்பனை பண்ணிக்கிட்டது மேல இருந்துது. அதை விட இது எவ்வளவோ மேல்.

வேலை விஷயம். போஸ்டரைத் திருப்பி அடிக்கறாங்க, வேற அச்சகத்துல. என் கடிதத்தைப் படிச்சுட்டு அதிகாரி எங்கிட்டயே ஃபைல் கேட்டாங்க. ஏன்னு கேட்டேன். "தப்பு எங்கன்னு தெரிஞ்சவங்க நீங்க ரெண்டு பேர்தான்"னாங்க. திங்கட்கிழமை பத்து மணிக்கு மெஷின் ஓடுது. முதல் தாளை நாம ரெண்டு பேரும் நேர்ல பார்த்து, ஒரே சீட்டுல கையெழுத்துப் போடணுமாம். அப்பதான் மீதி ஓடும்னு கண்டிப்பாச் சொல்லிட்டாங்க.

உங்க ஊர் முதல் பஸ் ஒன்பதரைக்கு இங்க வரும். ஸ்டாண்டுல இருப்பேன். அங்கயிருந்து அச்சகத்துக்கு இருபது நிமிஷம் நடை. வழியெல்லாம் உங்களைத் திட்டுவேன், நீங்களும் திட்டுவீங்க. பரவாயில்ல. வாங்க.